காற்று 20, பாயில் படுவது 11: வேகமான பாய்மரப் படகு ஓட ஆரம்பித்தால் என்ன நடக்கிறது?

இன்றைய பாய்மரப் படகுகளில் சுக்கான் பிடிப்பவருக்கு எதிரே ஒரு சின்னத் திரை இருக்கும். அதில் காற்றின் வேகம் என்று இரண்டு எண்கள் வரும். ஒன்று 20 என்று காட்டும், அதே நொடியில் இன்னொன்று 11 என்று காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை, இரண்டுமே சரிதான். நடுவில் காணாமல் போன அந்த 9 எங்கே போனது, எந்த நேரத்தில் திரும்பி வரும் என்பது பிடிபட்டுவிட்டால் வேகமான படகை ஓட்டுவதில் முக்கால்வாசி பிடிபட்ட மாதிரி. மிச்சமெல்லாம் கயிறு இழுக்கிற வேலை.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் ஓடுகிற குட்டிப் படகு இல்லை, பெரும் பணக்காரர்கள் ஆள் வைத்து ஓட்டும் மாளிகைப் படகும் இல்லை. உள்ளே இரண்டு மூன்று படுக்கையறை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும், குடும்பத்தோடு ஒரு வாரம் இரண்டு வாரம் தங்கிப் பயணம் போகலாம், ஆனால் எடையைக் குறைத்து, பாயைப் பெரிதாக்கி, வேகத்தை மனதில் வைத்தே வரைந்த படகு. பெர்ஃபார்மன்ஸ் குரூசர் என்பார்கள். உதாரணத்துக்குப் போகோ 12.50 என்ற படகை எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் பிரிட்டனி கரையில் கோம்ப்ரி என்ற சிற்றூரில், அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் பந்தயத்துக்கென்றே ஆறரை மீட்டர் படகுகளைக் கட்டிப் பெயர் வாங்கிய பட்டறையில் உருவானது. நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 4.5 மீட்டர், வெற்று எடை ஐந்தரை டன். அதே நீளத்தில் சாதாரணப் பயணப் படகு ஒன்றை எடுத்தால் 8 டன்னிலிருந்து 10 டன் வரை நிற்கும். கதை இந்த எடை வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

கனமான படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது மூக்குப் பக்கம் ஒரு அலையை எழுப்பும், பின்னால் இன்னொன்றை எழுப்பும். வேகம் கூடக் கூட இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதாவது படகு தானே தோண்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் எதிரே நிற்கும் தன் சொந்த அலையின் மேலேயே அது ஏற வேண்டும். இந்த எல்லைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. படகின் நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் வந்துவிடும் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). 12 மீட்டருக்கு 8.4 நாட் வருகிறது, மணிக்குப் பதினைந்தரை கிலோமீட்டர். ஒன்பது டன் படகு எவ்வளவு பாய் ஏற்றினாலும் இதைத் தாண்டத் திணறும். ஐந்தரை டன் எடையும், பின்பக்கம் அகன்று தட்டையாக இருக்கும் அடிப்பாகமும் அமைந்தால் படகு அந்த அலை மேல் ஏறிவிடும், தண்ணீரைப் பிளந்து போவதை விட்டுவிட்டு அதன் மேல் வழுக்க ஆரம்பித்துவிடும். 10 நாட், 12 நாட், பின்னாலிருந்து நல்ல அலை தூக்கிவிட்டால் 15கூட வரும்.

சரி, வேகமாகப் போகிறது, அதனால் என்ன? அதனால்தான் காற்றே மாறிவிடுகிறது.

காற்றே இல்லாத நாளில் பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் 40 கிலோமீட்டர் காற்று அடிக்கும். பின்னாலிருந்து அதே 40 வேகத்தில் காற்று வீசுகிறது என்றால் ஒன்றுமே தெரியாது, சட்டைகூடப் படபடக்காது. கடலிலும் அதேதான். நங்கூரம் போட்டு நிற்கும் படகில் உட்கார்ந்திருப்பவர் மேல் வீசுவது உண்மைக் காற்று. ஓடும் படகில் இருப்பவர் மேலும், பாயின் மேலும் படுவது, அந்த உண்மைக் காற்றும் படகின் ஓட்டத்தால் எதிரே வரும் காற்றும் கலந்த ஒன்று. இதைப் படும் காற்று என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் இரண்டு எண்கள் இவைதான். பாய்க்கு உண்மைக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் படும் காற்று மட்டுமே.

மெதுவான படகில் இந்த வித்தியாசம் சின்னது, கண்டுகொள்ளாமலே பல வருஷம் ஓட்டிவிடலாம். வேகமான படகில் அப்படி முடியாது.

பெனொதேயிலிருந்து தீவுக்கு, தீவிலிருந்து பெனொதேக்கு

பிரிட்டனியின் தென்கரையில், ஓடே ஆறு கடலில் சேருமிடத்தில் பெனொதே என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து தென்தென்கிழக்கே சுமார் 10 கடல் மைலில் க்ளேனான் தீவுகள். வெள்ளை மணல், ஆழம் குறைந்த பச்சைத் தண்ணீர், 1947இல் தொடங்கி இன்றும் நடக்கும் பாய்மரப் பயிற்சிப் பள்ளி ஒன்று. அந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் போய்வரும் இடம். தெற்கிலிருந்து 20 நாட் காற்று வீசும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

போகும்போது காற்று ஏறக்குறைய நேர் எதிரே. காற்றுக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது, சுமார் 45 பாகை விலகித்தான் போக முடியும், அதனால் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் கொஞ்சமாகவும் வெட்டி வெட்டிப் போக வேண்டும். படகின் வேகம் 7 நாட் என்றால் பாயில் படும் காற்று 25 நாட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும். திசையும் மாறும், 45 பாகையில் வீசும் காற்று 34 பாகையிலிருந்து வருவதுபோல் முன்னுக்கு நகர்ந்திருக்கும். எல்லோரும் மழைச்சட்டையை மாட்டி, தலைமூடியைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்பக்கம் எழும் தெறிப்பு இரண்டு நொடி கழித்து முகத்துக்கு வரும். அடிப்பாகம் தட்டை என்பதால் அலையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் படகு டமார் என்று விழும், உள்ளே அலமாரியில் தட்டுகள் ஓயாமல் சத்தம் போடும், சமைப்பதை மறந்துவிட வேண்டியதுதான். விளம்பரப் படங்களில் இந்தக் காட்சி வராது. என்னைக் கேட்டால் இப்படிக் குட்டை அலையில் காற்றை எதிர்த்துப் போவதற்கு ஒன்பது டன் கனப் படகே மேல், சுகமாக இருக்கும்.

ஆனால் ஒன்று, இந்தப் பயணத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள். காற்று பலமாக இருப்பது முகத்தில் அறைகிறது, படகு சாய்கிறது, பெரிய பாயைச் சுருக்கு என்று யாரும் சொல்லாமலே கை போகும். பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பதைத்தான் ரீஃப் போடுவது என்கிறார்கள். முதல் ரீஃப் இங்கே தானாக விழும்.

திரும்பும்போது அதே கடல், அதே 20 நாட். இப்போது காற்று இடது பின்மூலையிலிருந்து வருகிறது, படகின் முன்திசையிலிருந்து அளந்தால் 150 பாகை. முன்பக்கம் ஜெனேக்கர் என்ற பெரிய மெல்லிய பாயை ஏற்றியாகிவிட்டது, படகு 12 நாட்டில் வழுக்குகிறது. காற்று போகும் திசையிலேயே ஓடிக்கொண்டிருப்பதால் பாயில் படுவது 11 நாட் மட்டுமே. அதுவும் பின்மூலையிலிருந்து வருவதுபோல் இருக்காது, 118 பாகையில், கிட்டத்தட்டப் பக்கவாட்டிலிருந்து வருவதுபோல் இருக்கும். பக்கத்தில் ஒன்பது டன் படகு ஒன்று 7 நாட்டில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் அதில் படும் காற்று 14 நாட்டுக்கு மேல், திசை 136 பாகை. ஒரே கடலில் ஓடும் இரண்டு படகுகள், ஆளுக்கொரு காற்று.

இப்போது படகில் என்ன நடக்கும்? மழைச்சட்டை கழற்றப்படும். வெயில் சுள்ளென்று அடிக்கும். யாராவது கீழே போய்க் காபி போடுவார்கள். காலையில் போட்ட ரீஃப் இன்னும் அப்படியே இருக்கிறதே, அவிழ்த்துவிடலாமா என்று ஒருவர் கேட்பார். எனக்குத் தெரிந்து புதிதாக வருபவர்கள் வேகப் படகில் மாட்டிக்கொள்வது புயலில் இல்லை, இந்தக் காபி நேரத்தில்தான்.

ஏனென்றால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 11 நாட்டுக்கும் 25 நாட்டுக்கும் வித்தியாசம் இரண்டேகால் மடங்கு மாதிரித் தெரிந்தாலும் பாயில் விழும் விசை ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்கு வேறெங்கோ இருந்து கிளம்பி வர வேண்டியதில்லை. நீங்கள் படகைத் திருப்பினாலே போதும். எதிரே நண்டுக் கூண்டின் மிதவை ஒன்று தெரிகிறது (இந்தக் கரையில் அவை எங்கே பார்த்தாலும் கிடக்கும், கயிறு சுக்கானில் சுற்றினால் நாள் முழுக்க அவஸ்தை), சட்டென்று காற்றுப் பக்கம் ஒடிக்கிறீர்கள். படகு 12 நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முகப்பு காற்றை நோக்கித் திரும்புகிறது, படும் காற்று 11லிருந்து 15, 20, 25 என்று சில நொடிகளில் ஏறுகிறது. முழுப் பாயும் மேலே இருக்கிறது. படகு பக்கவாட்டில் படுத்துவிடும், சுக்கான் பிடிமானம் இழந்துவிடும், அதற்கப்புறம் படகு உங்கள் பேச்சைக் கேட்காமல் தானே காற்றுக்கு நேரே சுழன்று நிற்கும். ப்ரோச் என்று சொல்வது இதைத்தான். காபி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

ஆகவே பின்காற்றில் ஓடும்போது ரீஃப் முடிவை முகத்தில் படும் காற்றை வைத்து எடுக்கக் கூடாது. திரையில் உண்மைக் காற்றின் எண்ணைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு, இப்போதே படகைத் திருப்பிக் காற்றை எதிர்த்துப் போக வேண்டி வந்தால் இந்தப் பாயை வைத்துக்கொண்டு சமாளிப்பேனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காற்றை எதிர்க்கும்போது உண்மைக் காற்றோடு ஐந்து நாட் சேரும் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டால் போதும். யாராவது கடலில் விழுந்துவிட்டால் திரும்பித்தான் ஆக வேண்டும். 12 நாட் என்றால் நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல், ஜெனேக்கரை இறக்க ஒரு நிமிஷம் ஆனால் விழுந்தவர் 370 மீட்டர் பின்னால் இருப்பார். அலையில் அந்தத் தூரத்தில் ஒரு தலை தெரியாது. பின்காற்றில் வெயில் காய்ந்துகொண்டு வரும்போதும் இடுப்புக் கயிற்றைப் படகோடு மாட்டிக்கொள்ளுங்கள் என்று பழையவர்கள் திட்டுவது இதனால்தான்.

மோதல் காற்று வந்தால் எந்தப் பக்கம்?

சீராக வீசும் காற்றில் அவ்வப்போது பலமாக ஒன்று வந்து மோதும். காற்றை எதிர்த்துப் போகும்போது வழி எளிது, முகப்பைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் தூக்கினால் பாயிலிருந்து அழுத்தம் கழன்றுவிடும், அல்லது மெயின் பாயின் (பாய்மரத்தோடு கட்டியிருக்கும் பெரிய பாய்) கயிற்றை ஒரு கை நீளம் விட்டால் போதும். பயிற்சியில் முதலில் கற்பது இது, உடம்பிலும் இதுதான் பதிகிறது. சிக்கல் என்னவென்றால் பின்காற்றில் இதே பழக்கம் நேர் எதிராக வேலை செய்யும். மோதல் வரும்போது முகப்பைக் காற்றுப் பக்கம் தூக்கினால் மேலே சொன்ன 11, 15, 20 ஏற்றத்தை நீங்களே ஆரம்பித்து வைக்கிறீர்கள். செய்ய வேண்டியது முகப்பைக் காற்றிலிருந்து விலக்குவது, காற்று போகும் திசைக்கே கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. படகு வேகம் எடுக்கும், வேகம் எடுக்க எடுக்கப் படும் காற்று குறையும், படகு நிமிரும். பலமான காற்றிலிருந்து தப்ப வேகமாக ஓடு என்பது கேட்க விபரீதமாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அப்புறம் வேகம் குறைந்ததும் படும் காற்று மறுபடி பின்னால் போகும், முகப்பைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் கொண்டுவந்து வேகத்தை மீட்க வேண்டும். இப்படி மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போவதுதான் வேகப் படகைப் பின்காற்றில் ஓட்டும் விதம். பாய்க் கயிற்றைப் பிடித்திருப்பவரும் சும்மா இருக்க முடியாது, படகு பாய்ந்தால் படும் காற்று முன்னே வரும், கயிற்றை இழுக்க வேண்டும், வேகம் விழுந்தால் விட வேண்டும். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்ட்டி நைனர் என்ற இருவர் ஒலிம்பிக் படகைப் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது அது. அந்தப் படகு பின்காற்றில் போகும்போதும் பாயெல்லாம் உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும், ஏனென்றால் வேகத்தில் படும் காற்று எப்போதும் முன்பக்கமாகவே வந்துகொண்டிருக்கும். நம்முடைய குடும்பப் படகு அவ்வளவு தூரம் போகாது, போகும் திசை மட்டும் ஒன்றுதான்.

ஒருவேளை விட்டுக்கொடுத்தும் படகு சாய்ந்துகொண்டே போகிறது, சுக்கான் கனத்து இழுக்கிறது என்றால் அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஜெனேக்கர் கயிற்றை விடுங்கள், கூடவே பூமை (மெயின் பாயின் அடி விளிம்பைப் பிடித்திருக்கும் நீளமான கட்டை) கீழே இழுத்துப் பிடித்திருக்கும் கிக்கர் என்ற கயிற்றைத் தளர்த்துங்கள். பூம் மேலெழுந்து பாயின் மேல்பாதி முறுக்கிக்கொண்டு காற்றை வழியவிடும். பின்காற்றில் ஓடும்போது ஒருவர் கை இந்தக் கிக்கர் கயிற்றுக்கு எட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

பின்காற்றில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவதை ஜைப் என்பார்கள். தலைக்கு மேல் பூம் வீசிப் போகும் வேலை என்பதால் எல்லோருக்கும் இதில் ஒரு பயம் உண்டு. பயத்தில் இயல்பாக என்ன தோன்றும்? வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகச் செய்வோம் என்று தோன்றும். வேகம் குறைந்தால் படும் காற்று கூடிவிடும், பூம் அடிக்கும் அடி பலமாகிவிடும். 20 நாட் காற்றில் படகு 6 நாட்டில் நேர்பின்னாகப் போனால் பாயில் 14 நாட், 12 நாட்டில் போனால் 8 நாட்தான். எனவே ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்க, படகு அதன் சரிவில் இறங்கி உச்ச வேகத்தில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் ஜைப் செய்ய வேண்டும். பாய் பஞ்சுபோல் மறுபக்கம் போய்விடும். அலையின் முதுகில் படகு மெதுவாகிவிட்ட பிறகு செய்தால் தெரியும் சேதி.

தானியங்கிச் சுக்கானிலும் இதே பிரச்சினைதான். ஆட்டோபைலட்டைப் படும் காற்றின் கோணத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டு என்று விட்டால், படகு அலையில் இறங்கி வேகமெடுக்கும்போது படும் காற்று முன்னே நகரும், கோணம் மாறிவிட்டதே என்று கருவி படகைக் காற்றிலிருந்து விலக்கும், அலை கடந்து வேகம் விழுந்ததும் காற்று சட்டென்று பின்னால் போய்விடும், அதற்குள் படகு அதிகமாக விலகியிருக்கும், யாரும் கேட்காமலே பூம் மறுபக்கம் அடித்துக்கொண்டு போகும். பின்காற்றில் உண்மைக் காற்றின் கோணத்தைப் பிடிக்கும்படி கருவியை மாற்றி வைக்க வேண்டும். வாடகைப் படகு எடுப்பவர்கள் கரையிலேயே இந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நேர் வழியா, சுற்று வழியா

போக வேண்டிய இடம் சரியாகக் காற்று போகும் திசையிலேயே 10 கடல் மைலில் இருக்கிறது, காற்றும் 20 நாட்டைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகப் படகு நேராகப் போனால் 7 நாட்தான் கிடைக்கிறது. நேர்பின் காற்றில் ஓட ஓடத் தனக்குக் கிடைக்கும் காற்றைத் தானே குறைத்துக்கொள்கிறது அல்லவா. 35 பாகை விலகி, நடுவில் ஒரு ஜைப் அடித்துச் சுற்றிப் போனால் தூரம் 22 விழுக்காடு கூடும், ஆனால் வேகம் ஒன்பதரை நாட் வரும். நேர் வழிக்கு 1 மணி 26 நிமிஷம், சுற்று வழிக்கு 1 மணி 17 நிமிஷம். ஒன்பது நிமிஷம்தானே என்றால் ஆமாம், ஒன்பது நிமிஷம்தான். ஆனால் நேர்பின் காற்றில் படகு இடமும் வலமும் உருண்டுகொண்டே வரும், பூம் எப்போது மறுபக்கம் போகுமோ என்ற பதற்றம் இருக்கும், விலகிப் போனால் இரண்டும் இல்லை. கனமான படகு நேரே 6.5 நாட், விலகிப் போனால் 7 நாட்தான் என்றால் அதற்குச் சுற்றுவது நஷ்டம், நேரே போவதே சரி. கனப் படகில் பழகியவர்கள் வேகப் படகுக்கு வந்ததும் சேருமிடத்துக்கு நேராக முகப்பை வைத்துவிட்டு, இது என்ன சொல்கிறார்களே அவ்வளவு ஒன்றும் வேகமில்லையே என்று குறைப்படுவதன் காரணம் இதுதான்.

எடைக்கு வருவோம். குறைந்த எடை ஓட்டத்தில் மட்டுமா வேலை செய்கிறது? காற்றை எதிர்த்துப் போகும்போது பக்கம் மாறுவதை டேக் என்பார்கள். அப்போது காற்றுக்கு நேரே உள்ள அந்த ஒரு கணத்தைப் படகு தன் ஓட்ட வேகத்திலேயே கடக்க வேண்டும். ஒன்பது டன் அந்த வேகத்தைச் சேமித்து வைத்திருக்கும், சுக்கானை எப்படித் திருப்பினாலும் கடந்துவிடும். ஐந்தரை டன் சீக்கிரம் நின்றுவிடும். முழு வேகத்தில் இருக்கும்போது ஆரம்பித்து, சுக்கானை அவசரமில்லாமல் திருப்பி, மறுபக்கம் போனதும் முதலில் கொஞ்சம் விலகலாக விட்டு வேகம் எடுக்கவைத்து, பிறகுதான் முன்பாயை இறுக்கிக் காற்றுக்கு நெருக்கமாகப் போக வேண்டும்.

அகலமான பின்பக்கம் உள்ள படகுகளில் சுக்கான் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். படகு சாய்ந்தால் அகன்ற பின்பக்கத்தின் ஒரு விளிம்பு தண்ணீரைவிட்டு மேலே வந்துவிடும், நடுவில் ஒரே சுக்கான் இருந்தால் அதுவும் பாதி வெளியே வந்து பிடி இழக்கும். இரண்டு இருந்தால் தாழ்ந்த பக்கத்துச் சுக்கான் நேராக, ஆழமாக நிற்கும். இது கடலில் அருமையான ஏற்பாடு. துறைமுகத்துக்குள் வந்ததும்தான் அதன் மறுமுகம் தெரியும். ஒற்றைச் சுக்கான் படகில் எஞ்சின் விசிறி தள்ளும் தண்ணீர் நேராகச் சுக்கான் மேல் பாயும், படகு நின்ற இடத்திலேயே ஒரு குத்து எஞ்சின் கொடுத்தால் பின்பக்கம் திரும்பிவிடும். இரட்டைச் சுக்கானில் அந்தத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் வீணாகப் போகிறது, படகு நகர ஆரம்பிக்கும்வரை சுக்கானை ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. இதற்கிடையில் முகப்பு எடை குறைவு, தண்ணீருக்குள் ஆழமும் இல்லை, பக்கக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். போகோ போன்ற படகில் தூக்கக்கூடிய கீல் (படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கனமான தகடு) வேறு, இறக்கினால் ஆழம் 3 மீட்டர், ஏற்றினால் 1.20 மீட்டர். ஆழம் இடம் கொடுத்தால் துறைமுகத்துக்குள் அதை இறக்கியே வைத்திருங்கள், ஏற்றிவிட்டால் படகு பக்கவாட்டில் தண்ணீர் மேல் சறுக்கும். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே கொஞ்சம் வேகம் எடுத்து வைத்துக்கொள்வது ஒரு வழி. அதைவிட எளிது, வெளியிலேயே திரும்பிப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டே உள்ளே வருவது. ஓட்டம் எடுத்துவிட்டால் பின்னோக்கிப் போகையில் இரண்டு சுக்கானும் நன்றாகப் பிடிக்கும், காற்றும் முகப்பைத் தன் போக்கில் பின்னால் தொங்கவிடும்.

இவ்வளவு அக்கறையாகக் குறைத்த எடையைப் படகு வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்? ஏற்றுகிறார்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி 60 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 140 கிலோ, அதுவும் படகின் மூக்கில், வரக் கூடாத இடத்தில். ரப்பர் படகு, அதற்கு ஒரு மோட்டார், மடக்கு சைக்கிள், டப்பா உணவு, ஆளுக்கு ஒரு பெட்டி என்று சேர்ந்து ஒரு டன் ஏறிவிட்டால் ஒன்பது டன் படகுக்கு அது 11 விழுக்காடு, ஐந்தரை டன்னுக்கு 18. அடிப்பாகம் தண்ணீரில் இறங்கும், அலை மேல் ஏறி வழுக்க இன்னும் பலமான காற்று தேவைப்படும், 8 நாட் எல்லைக்குள் மாட்டிக்கொண்ட விலை உயர்ந்த சாதாரணப் படகாகிவிடும். 8 மில்லிமீட்டர் சங்கிலி 30 மீட்டர், அதன் பின்னால் நீளமான கயிறு என்று வைத்துக்கொண்டால் மூக்கில் மட்டும் 90 கிலோ மிச்சம். இப்படி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கிற மனம் இல்லாதவர்கள் கனமான படகே வாங்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பியது தாரிணி என்ற 17 மீட்டர் கனப் படகில்தான். தென்கடலில் மாதக்கணக்கில் இருவர் மட்டும் வாழ வேண்டிய பயணத்துக்கு அது பொருத்தம். வார இறுதியில் க்ளேனான் போய்வருபவருக்கு ஐந்தரை டன் பொருத்தம்.

கடைசியாக, இவ்வளவு நேரம் நம்பச் சொன்ன அந்தத் திரையைப் பற்றி. பாய்மரத்தின் உச்சியில் சுற்றும் கருவி அளப்பது படும் காற்றை மட்டும்தான். உண்மைக் காற்று என்று திரையில் வருவது அளந்த எண் இல்லை, படும் காற்றிலிருந்து படகின் வேகத்தைக் கழித்துக் கணினி போடும் கணக்கு. அந்த வேகத்தைப் பெரும்பாலான படகுகளில் சொல்வது அடிப்பாகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் விரல்நுனி அளவுச் சக்கரம் ஒன்று. கட்டிவைத்த படகில் இரண்டு வாரத்தில் அதில் பாசி பிடிக்கும், சின்னச் சிப்பி ஒட்டும், சக்கரம் நின்றுவிடும். நின்றால் படகின் வேகம் பூஜ்யம் என்று கணினி எடுத்துக்கொள்ளும், உண்மைக் காற்றும் படும் காற்றும் ஒரே எண்ணாகத் தெரியும். 20 நாட் காற்றில் 12 நாட்டில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், இரண்டு இடத்திலும் 11 என்றே இருக்கும். கிளம்பும் முன் படகுக்குள் தரைப்பலகையைத் தூக்கி அந்தச் சக்கரத்தை வெளியே உருவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உருவும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், மூட வேண்டிய அடைப்பானைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உருவுங்கள்.